நோகாத பல்லோடு போனால் என்ன செய்வார்கள்?

எங்கட பக்கத்தில் பல்லு டொக்டரிட்டப் போய் வந்த ஒருவரைக் கண்டால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தினை புடுங்கினது?" கன்னம் வீங்கியிருக்கவேண்டும், வாய்க்குள் பஞ்சு இருக்கவேண்டும், கதைக்கேலாமல் கையால் சைகை காட்டவேண்டும். அப்படி ஒன்றுமில்லாமல் சிரித்துக்கொண்டு ஒட்டுசுட்டான் சந்தியில் பஸ்ஸால் இறங்கினால் ஒருவரும் நம்பமாட்டார்கள். எங்கேயோ சுத்திப்போட்டு வந்து பொய் சொல்கிறான் என்று நினைப்பார்கள்.

பல்லைச் சுத்தம் செய்விக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் மாமி வெற்றிலைத் தட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "நோகாத பல்லை என்னத்துக்குத் தம்பி போய்க் கிளறுறியள்? சும்மா கிடக்கிறதைச் சுரண்டினா ஆடத் தொடங்கிவிடும். எங்கட அண்ணையும் உப்பிடித்தான் போனவர், மூண்டு பல்லு இல்லாமல் வந்தவர்."

மாமியின் கணக்கில் பிழை சொல்ல முடியாது. முகம் வீங்கி, இரண்டு கிழமை நித்திரையில்லாமல், கராம்பும் பனடோலும் கைவிட்ட பிறகுதான் எங்கட ஆட்கள் போவார்கள். அந்த நேரத்தில் டொக்டருக்குச் செய்ய மிச்சமிருப்பது குறடு எடுக்கிறது மட்டும்தான். போனவர்கள் எல்லாரும் பல்லில்லாமல் திரும்பி வந்தால், போனதால்தான் பல்லுப் போனது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்தானே.

அதனால் இந்தப் பதிவு மாமிக்கும், மாமியைப் போல வாசலில் நின்று யோசிக்கிற மற்றவர்களுக்கும். ஒரு வலியும் இல்லாமல் போய்ப் பல்லைக் காட்டிச் சுத்தம் செய்துகொண்டு வருவதென்றால் உள்ளே என்னென்ன நடக்கும் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வாருங்கள். சீனி குறைத்து.

நோகாத பல்லுக்கு ஏன் போகவேண்டும் என்பதை முதலில் முடித்துவிடுவோம். இதற்கான விடையை உலகத்துப் பல் மருத்துவர்கள் எங்கட நாட்டில், தமிழ் ஆட்களின் வாயைப் பார்த்துத்தான் படித்தார்கள். இது எனக்கே பிந்தித்தான் தெரியவந்தது.

1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பேராசிரியரும் அவருடைய ஆட்களும் நுவரெலியா மாவட்டத்துக்கு வந்தார்கள். பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயை ஒவ்வொரு பல்லாக அளந்தார்கள். எல்லாரும் இளந்தாரிகள். பல் வைத்தியரைக் கண்டறியாதவர்கள், பிரஷ் பிடித்துப் பல்லுத் தீட்டும் பழக்கம் இல்லாதவர்கள். ஒன்றுமே செய்யாமல் விட்டால் முரசு வருத்தம் தன்பாட்டில் எப்படிப் போகும் என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்க, சின்ன வயதில் இருந்தே பல் வைத்தியம் கிடைத்த ஒஸ்லோ நகரத்துப் படித்த ஆண்களை ஏற்கனவே அளந்து வைத்திருந்தார்கள். தோட்டத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து 1985 வரைக்கும் அளந்தார்கள். முடிவு 1986இல் வெளியானது.

அந்தத் தொழிலாளர்களின் பல்லில் சொத்தை கிட்டத்தட்ட இல்லை. சொத்தை இல்லை என்றால் எங்கட பாஷையில் 'நல்ல பல்லு'. ஆனால் எல்லாருடைய பல்லிலும் கல்லுப் பிடித்திருந்தது, முரசு எல்லாருக்கும் அழன்றிருந்தது. நூற்றுக்கு 8 பேருக்கு வருத்தம் வேகமாக ஓடி, பல்லைப் பிடித்திருக்கிற எலும்பைக் கரைத்து, நாற்பது வயதைத் தாண்ட முதலே பல்லுகளை விழுத்தியது. நூற்றுக்கு 81 பேருக்கு மெதுவாக அரித்துக்கொண்டே போனது. மிச்சம் 11 பேருக்கு முரசு சிவந்திருந்ததோடு சரி, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே அக்கறையின்மை. ஆனால் மூன்று விதமான விதி. நீங்கள் அந்த 11க்குள் நிற்கிறீர்களா, 8க்குள் நிற்கிறீர்களா என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒருவர் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் இந்த ஆய்வைப் படிக்கிறார்கள். 2010இலும் ஒரு குழு திரும்பப் போய், கண்டுபிடிக்க முடிந்த 75 பேரை மறுபடியும் பரிசோதித்தது. நாற்பது வருடக் கதை. அந்த அறிவு அதே தோட்டங்களின் லயத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு திரும்பிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எங்கட பக்கத்தில் எத்தனை! அளக்கப்பட்டவர்களின் சொந்தக்காரர் ஒருவர் இதை முத்தையன்கட்டில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

முரசு வருத்தம் நோகாது. அதுதான் இதில் உள்ள வில்லங்கம். சொத்தை நோகும், கத்தும், நித்திரை கொள்ள விடாது. முரசு சத்தம் போடாமல் கீழிறங்கும். பல்லுத் தீட்டும்போது கொஞ்சம் இரத்தம் வரும், அவ்வளவுதான். இரத்தத்தைக் கண்டதும் நாங்கள் என்ன செய்வோம்? அந்த இடத்தைத் தீட்டாமல் விடுவோம். அங்கே ஊத்தை இன்னும் படியும்.

இதே லோ, 1965இல் டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் 12 பேரைப் பல்லுத் தீட்டுவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் முரசு அழன்றது. திரும்பத் தீட்டத் தொடங்கியதும் ஒரு கிழமை அளவில் பழையபடி வந்துவிட்டது. ஆரம்பத்தில் பிடித்தால் முழுசாக மாறிவிடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எலும்பு கரைந்த பிறகு அப்படி இல்லை. கரைந்தது தானாகத் திரும்ப வளராது, மேலும் கரையாமல் மறிக்கத்தான் பார்க்கலாம்.

எங்கட பக்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 2008 கடைசியில் போரால் வீடு வாசலை விட்டு வெளிக்கிட்ட சனத்தில், மெனிக் பாம் அகதி முகாம் 2012 செப்ரெம்பரில் மூடும் வரைக்கும் அங்கே கிடந்தவர்களும் இருக்கிறார்கள். உயிரைப் பார்க்கிறதா, பல்லைப் பார்க்கிறதா? அப்போது பத்து, பன்னிரண்டு வயதாக இருந்த பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பல் பரிசோதனை எல்லாம் தவறிப் போனது. அவர்கள் இப்போது முப்பதை நெருங்குகிறார்கள். முரசு வருத்தம் வேலையைக் காட்டத் தொடங்குகிற வயது.

சரி, போவோம்.

ஒட்டுசுட்டானில் இருந்து என்றால் ஏ34 வீதியால் மேற்கே மாங்குளம், கிழக்கே முள்ளியவளை, முல்லைத்தீவு. மாஞ்சோலையில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. ஆனால் பல் கிளினிக்கில் காலையில் வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் வலியால் துடிக்கிறவர்கள். அவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். சுத்தம் செய்கிற வேலைக்குப் பெரும்பாலும் வேறொரு நாள் எழுதித் தருவார்கள். முதல் நாள் வாயைப் பார்த்துவிட்டுத் துண்டில் திகதி போட்டுத் தந்தால் அதற்காகக் கோபப்படாதீர்கள். தனியாரிடம் என்றால் கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று போகலாம், காத்திருப்புக் குறைவு. காசு எவ்வளவு என்று கதிரையில் ஏற முதல் கேளுங்கள், வெட்கப்படத் தேவையில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போய் வரிசையில் நின்று தலை சுற்றி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். பல்லுத் தீட்டிவிட்டுப் போங்கள். 'எப்பிடியும் கிளீன் பண்ணப் போறாங்கள்தானே' என்று தீட்டாமல் போகிற மகான்களும் இருக்கிறார்கள். டொக்டரும் மனிசர்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியம், கிளினிக் கொப்பி. பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் கொண்டு போகிற அந்தக் கொப்பியைப் பல்லுக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். "அது வேற வருத்தம், இது வேற வருத்தம்." இல்லை. டொக்டர் முதலில் கேட்கிறது வாயைப் பற்றி இல்லை. பிறஷர் இருக்கா, சுகர் இருக்கா, நெஞ்சு வருத்தம் இருக்கா, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறீர்களா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா, பெண்கள் என்றால் பிள்ளை வயிற்றிலா என்று கேட்பார்கள். அஸ்பிரின், வோபரின் போன்ற மருந்து எடுக்கிறவருக்கு இரத்தம் நிற்கப் பிந்தும். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிட்டுப் போகக்கூடாது, அது பல்லை விடப் பெரிய ஆபத்து. சொல்லுங்கள், அவர்கள் முடிவெடுப்பார்கள். இதய வால்வு மாற்றியவர்களும், சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து வால்வு பழுதானவர்களும், நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கட்டாயம் சொல்லவேண்டும். கர்ப்பிணிகள் பயப்படத் தேவையில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது முரசு கூடுதலாக வீங்கி இரத்தம் வரும். அப்போது சுத்தம் செய்வது நல்லது என்றுதான் சொல்கிறார்கள்.

சீனி வருத்தம் இருக்கிறவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள். சீனி கூடினால் முரசு வேகமாகப் பழுதாகும். முரசு பழுதாகி அழற்சி இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். மெட்போமினை ஒழுங்காகப் போட்டும் அளவு இறங்கவில்லை என்றால் வாயையும் ஒருக்கால் காட்டிப் பார்ப்பதில் நட்டமில்லை.

கதிரையில் சாய்த்ததும் பல்லுக்கு வர முதல் வாயை முழுக்கப் பார்ப்பார்கள். எனக்குப் பார்த்தவ தெற்கில் இருந்து வந்த இளம் டொக்டர். "ஐயா, நாக்கு வெளிய. இப்ப மேல. இப்ப இந்தப் பக்கம்." கன்னத்தின் உட்பக்கம், உதட்டின் உட்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்குக் கீழே, அண்ணம். தாடைக்குக் கீழே கழுத்தைத் தடவிக் கட்டி ஏதும் இருக்கா என்று பார்த்தா. "வெத்தில போடுறதா?" இல்லை என்றேன். "வீட்டுல?" மாமியை நினைத்துக்கொண்டேன்.

இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். எங்கட வாழ்க்கையில் வெற்றிலைத் தட்டம் இல்லாத இடம் எது? கலியாண வீடு, செத்த வீடு, அரிவுவெட்டு, கோயில் பொங்கல் எல்லாவற்றிலும் இருக்கிறது. புகையிலைக்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். "நான் போயிலை போடுறேல்லை, பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தான்" என்று மாமியும் பெருமையாகச் சொல்வா. ஆனால் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், பாக்குத் தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் போட்டுவிட்டது. புகையிலை சேர்த்து மெல்லுகிற பைக்கற்றுகளை இலங்கை அரசாங்கம் 2016இல் தடை செய்தது. தடை இருக்கிறது, பைக்கற்றும் இருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

டொக்டர் தேடுவது சின்னச் சின்ன அடையாளங்களை. துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவப்புப் படை, மூன்று கிழமையாகியும் ஆறாத புண். இன்னொன்றும் இருக்கிறது: பாக்குப் போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் நார் நாராக இறுகி, வாய் வர வரத் திறக்கேலாமல் போகும், உறைப்புச் சாப்பாடு எரியும். இளம் பொடியள் மாவா, பபுல் என்று விற்கிற பாக்குக் கலவைகளைப் போட்டு இந்த நிலைக்கு வருகிறார்கள். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வைத்து உங்கட வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பல்லுச் சுத்தத்தை மறந்துவிட்டு நாளைக்கே போங்கள். இவை எல்லாம் தொடக்கத்தில் நோகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால், முழுப் பரிசோதனையிலும் பெறுமதியானது இந்த இரண்டு நிமிடம்தான். சுத்தம் செய்வதெல்லாம் பிறகு.

அடுத்தது கண்ணாடியும் கொக்கியும். சின்ன வட்டக் கண்ணாடியால் பல்லின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள், மெல்லிய கொக்கியால் தட்டிச் சொத்தை தேடுவார்கள். பிறகு நுனியில் சின்னக் குண்டு வைத்த, கறுப்புக் கோடு போட்ட ஓர் அளவுகோல் வரும். அதைப் பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் மெல்ல விட்டு ஆழம் பார்ப்பார்கள். கறுப்புப் பட்டை 3.5 மில்லிமீற்றரில் தொடங்கி 5.5இல் முடியும். பட்டை முழுக்க வெளியே தெரிந்தால் நல்லது. பாதி உள்ளே போனால் கவனிக்கவேண்டும். முழுதாக மறைந்தால் அங்கே எலும்பு கரைந்து பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வாயை ஆறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் நாலு வரைக்கும் ஒரு எண் சொல்வார்கள், பக்கத்தில் நிற்கிறவர் எழுதுவார். பரீட்சைப் புள்ளி மாதிரிக் கேட்கும், ஆனால் இதில் பூச்சியம் வாங்கினவன்தான் கெட்டிக்காரன். உங்கட எண் என்ன என்று கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். டொக்டர் மாற்றலாகிப் போனாலும் கொப்பி உங்களோடு இருக்கும். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் ஒளித்திருக்கிற சொத்தையும் எலும்பின் மட்டமும் அதில்தான் தெரியும்.

இப்போது மாமி பயப்படுகிற இடத்துக்கு வருகிறோம்.

எங்கட கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற கேத்தலின் அடியைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளையாகக் கல்லுப் பிடித்திருக்கும். பல்லிலும் அதே கதைதான். பல்லின்மேல் படிகிற மெத்தென்ற ஊத்தை முழுக்கக் கிருமி. அதைத் தீட்டி எடுக்காமல் விட்டால், உமிழ்நீரில் இருக்கிற கல்சியமும் பொஸ்பேற்றும் அதில் இறங்கிச் சில நாட்களிலேயே கல்லாக இறுகத் தொடங்கும். இறுகிய பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்கேலாது. கீழ் முன்பல்லின் பின்பக்கமும் மேல் கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வந்து திறக்கிற இடங்கள். அதனால் கல்லும் அங்கேதான் முதலில் பிடிக்கும். நாக்கு நுனியால் கீழ் முன்பல்லின் பின்னால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அதுதான்.

இதை எடுக்கிற கருவியின் நுனி ஒரு செக்கனுக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும். அது வெட்டுவதில்லை, துளைப்பதில்லை. அதிர்வால் கல்லை உடைத்து விழுத்தும். சூடு ஏறாமல் இருக்க நுனியில் இருந்து தண்ணி பீச்சிக்கொண்டே இருக்கும், அந்தத் தண்ணியை உறிஞ்ச ஒரு குழாய் வாய் ஓரத்தில் கொழுவி இருக்கும். சத்தம்தான் முதலில் ஆளைக் கலைக்கும். கீச்சென்று தலைக்குள் கேட்கும். தொண்டைக்குள் தண்ணி போகப்போகிறது என்று பதறுவீர்கள். மூக்கால் மூச்சு விடுங்கள், நாக்கைப் பின்னுக்கு வைத்திருங்கள். ஏலாது என்றால் இடது கையை உயர்த்துங்கள், நிற்பாட்டுவார்கள். இதை முதலிலேயே டொக்டரோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நோகுமா? சாதாரணமாகக் கல்லுக் குறைவாக இருக்கிறவருக்குக் கூசும், அவ்வளவுதான். முரசு இறங்கிப் பல்லின் வேர் தெரிகிற இடங்களில் சுள்ளென்று இழுக்கும். வருடக்கணக்காகக் கல்லுப் பிடித்து முரசுக்குக் கீழேயும் போயிருந்தால் விறைப்பு ஊசி போட்டு, பகுதி பகுதியாக, இரண்டு மூன்று தரம் வரச் சொல்லிச் செய்வார்கள். இரத்தம் வரும். துப்புகிற தண்ணி சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அழன்ற முரசு தொட்டாலே இரத்தம் விடும். கருவி எட்டாத மூலைகளைக் கையால் சுரண்டுவார்கள். கடைசியில் ஒரு சின்ன றப்பர்க் கிண்ணம் சுழன்று, மணல் மாதிரி நறநறக்கிற பேஸ்டால் மினுக்கும். தேத்தண்ணிக் கறை, வெற்றிலைக் கறை இதில்தான் போகும்.

முடித்து எழும்பி நாக்கால் தடவினால் வாய் உங்கட வாய் மாதிரி இருக்காது. பல்லுக்கு நடுவில் இடைவெளி, காற்றுப் போகிற மாதிரி. சிலருக்குப் பல்லு ஆடுவது போலவும் இருக்கும். மாமியின் பயம் இங்கேதான் பிறந்தது. முரசும் எலும்பும் முதலே இறங்கிவிட்டன. அந்த இடத்தைக் கல்லு அடைத்துப் பல்லுகளைச் சேர்த்துப் பிடித்திருந்தது. கல்லை எடுத்ததும் உண்மை வெளியே தெரிகிறது. எடுக்காமல் விட்டிருந்தால் ஒரு நாள் கல்லோடு சேர்ந்து பல்லும் வந்திருக்கும். சுத்தம் செய்த பிறகு முரசு இறுகி, ஆட்டம் குறைகிறவர்களும் உண்டு. இரண்டு மூன்று நாள் குளிரும் சூடும் கூசும். இளஞ்சூட்டு உப்புத் தண்ணியால் கொப்பளியுங்கள். மெதுவான பிரஷ்ஷால் தீட்டுங்கள், இரத்தம் வந்தாலும் தீட்டுங்கள்.

இதனால் பல்லு வெள்ளையாகுமா என்று இளம் ஆட்கள் கேட்பார்கள். கறை போகும், பல்லின் இயற்கை நிறம் மாறாது. எங்கட வறண்ட வலயத்தில் இன்னொரு சிக்கல்: வவுனியா, அநுராதபுரம் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைட் கூடிய கிணறுகள் நிறைய உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்தான் மேல் எல்லை என்கிறது. பல்லு உருவாகிற சின்ன வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், அளவுக்கு மிஞ்சிய புளோரைட் தண்ணி குடித்தால் எனாமலிலேயே வெள்ளைப் புள்ளியும் மண்ணிறத் திட்டும் விழும். அது கறை இல்லை, சுரண்டினால் போகாது. ஊத்தைப் பல்லு என்று பிள்ளைகளைக் கிண்டல் அடிக்கிற ரீச்சர்மாரும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஒரு சின்னத் தகவல்: சுட்ட செங்கல் துண்டு நிரப்பிய வடிகட்டியால் இந்தப் புளோரைட்டைக் குறைக்கலாம் என்று இலங்கையில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஓட்டுத் தொழிற்சாலை உள்ள ஒட்டுசுட்டான்காரனுக்கு அதில் ஒரு சின்னச் சந்தோசம்.

எத்தனை மாதத்துக்கு ஒருக்கால் போவது? ஆறு மாதம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஆறுக்குப் பின்னால் உறுதியான ஆதாரம் இல்லை. பிரித்தானியாவின் வழிகாட்டல் 2004இல் இருந்து, ஆளைப் பொறுத்து மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரைக்கும் என்கிறது. ஒழுங்காகப் பல் வைத்தியரிடம் போய் வருகிற, கடுமையான முரசு வருத்தம் இல்லாத 1,711 பேரை வைத்து நடந்த ஆய்வுகளை 2018இல் கொக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. வழமையாகச் சுத்தம் செய்வித்தவர்களுக்கும் செய்விக்காதவர்களுக்கும் இரண்டு, மூன்று வருடத்தில் முரசில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு "பாத்தீங்களா, தேவையில்லையாம்" என்று சொல்லவேண்டாம். அது ஒழுங்காகப் போய் வருகிறவர்களின் கணக்கு. வாழ்நாளில் ஒருக்காலும் போகாமல் இருபது வருடக் கல்லோடு இருக்கிற எங்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. என் எண்ணம் இதுதான்: முதல் தரம் போய் அளந்து சுத்தம் செய்யுங்கள், பிறகு எப்போது வரவேண்டும் என்று டொக்டரிடமே கேளுங்கள். எண் நல்லதாக இருந்தால் வருடத்துக்கு ஒருக்கால் போதும் என்பார்கள். சீனி வருத்தம், சிகரெட், வெற்றிலை இருந்தால் கிட்டக் கிட்ட வரச் சொல்வார்கள்.

வீட்டில் செய்கிறதுதான் பெரிய வேலை. இரவு படுக்க முதலும் காலையிலும் புளோரைட் உள்ள பேஸ்டால் தீட்டவேண்டும். பெட்டியில் பிபிஎம் என்று போட்டிருக்கிற எண் பெரியவர்களுக்கு 1000க்குக் குறையாமல் இருக்கட்டும். இரவில் தீட்டுகிற பழக்கம் எங்கட ஆட்களிடம் இல்லை, ஆனால் இரவுதான் முக்கியம். நித்திரையில் உமிழ்நீர் வற்றும்போது கிருமிக்குக் கொண்டாட்டம். உமிக்கரி பல்லை மினுக்கும் என்பது உண்மை, எனாமலையும் சேர்த்து மினுக்கித் தேய்க்கும் என்பதும் உண்மை. வேப்பங்குச்சி முன்பல்லுக்குச் சரி. கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்கு அதை வளைத்துக் கொண்டு போகிறவரை நான் இன்னும் காணவில்லை.

பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது. நியூசிலாந்தில் 1921இல் தொடங்கிய முறையைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லுக்கென்று மகரகமவில் தனியாகப் பயிற்சி கொடுத்து ஆட்களை உருவாக்குகிறார்கள். பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்பவர்கள் இவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் பரிசோதித்துத் துண்டு எழுதிக் கொடுத்தால் அதைப் பிள்ளையின் புத்தகப் பையிலேயே மக்க விடாதீர்கள். பால்பல்லு விழப்போகிற பல்லுத்தானே என்று சொத்தையை விட்டால், அதுக்குக் கீழே வருகிற பல்லுக்கும் இடம் கெடும்.

கடைசியாக, பல்லே இல்லாத கிழவன் கிழவிகள். "எனக்கு என்னத்தைப் பாக்கப் போறாங்கள்?" என்று கேட்பார்கள். பல்லு இல்லாவிட்டாலும் நாக்கும் கன்னமும் அண்ணமும் இருக்கிறது, வெற்றிலையும் ஓயவில்லை. வாயைப் பார்க்கிற அந்த இரண்டு நிமிடம் அவர்களுக்குத்தான் கூடத் தேவை. பொய்ப்பல்லுப் போட்டிருக்கிறவர்கள் அதைக் கழற்றி ஒரு டப்பாவில் கையோடு கொண்டு போங்கள். உரஞ்சிப் புண்ணாக்குகிற இடம் இருந்தால் டொக்டர் தேய்த்துச் சரிப்படுத்தித் தருவார். இரவில் கழற்றி, பிரஷ்ஷால் கழுவி, தண்ணிக்குள் போட்டுவிட்டுப் படுக்கவேண்டும். கொதிதண்ணியில் போடாதீர்கள், வளைந்துவிடும்.

மாமிக்கு அடுத்த கிழமை பிறஷர் கிளினிக் இருக்கிறது. அதே நாளில் பல் கிளினிக்குக்கும் ஒரு துண்டு எடுத்துக் காட்டுவோம் என்று சொல்லியிருக்கிறேன். "வாயைத் திறந்து காட்டுறதோட சரி, சுரண்டக் குடுக்கமாட்டன்" என்கிறா. திறந்து காட்டினால் போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.